தரையில் பேய், வானத்தில் தட்டு

கொங்குச் சீமையில் ராத்திரி தெரிந்த எந்த வெளிச்சமும் பேரில்லாமல் இருந்ததில்லை. இட்டேரித் தடத்தில் கிளுவை வேலியோரம் அசைந்து போனால் அது முனி. குளத்து வண்டலுக்கு மேலே விட்டுவிட்டு எரிந்தால் கொள்ளிவாய்ப் பிசாசு. ஊர் எல்லையை விறுவிறுவென்று கடந்தால் கருப்பராயன் வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டார். பார்த்தவர் வாயைத் திறக்காமல் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். முனி போகிற தடத்தில் சாளை வீடு கட்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்பதால், காடு வாங்கும்போதே பக்கத்துக் காட்டுக்காரரிடம் அதை விசாரித்து வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு மனை வாங்குகிறவர் டிடிசிபி அப்ரூவல் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

இந்தப் பேய்கள் எல்லாம் தரையோடு தரையாகத் திரிந்தவை. பனங்காட்டுக்கு மேலே, வானத்தில், எங்கள் பக்கத்துப் பேய் எதுவும் குடியிருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அங்கே இருந்தவையெல்லாம் தெரிந்த முகங்கள். இப்போது நிலைமை அப்படியே தலைகீழ். இட்டேரியில் வெளிச்சம் தெரிந்தால் பைக் வருகிறது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். வானத்தில் பளிச்சென்று ஏதாவது தெரிந்துவிட்டால்தான், ‘இது என்னன்னு யாருக்காச்சும் தெரியுங்களா?’ என்று வாட்ஸ்அப்பில் வீடியோ சுற்றத் தொடங்குகிறது. எனக்கு வந்து சேர்ந்த வீடியோக்களில் அதிகம் நடித்திருப்பது வெள்ளி கிரகம்.

அந்தக் காலத்து விவசாயிக்கு வானம் பழகியிருந்ததற்குக் காரணம் பக்தியோ ரசனையோ இல்லை, தண்ணீர். கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் ஆறும் வாய்க்காலும் பாய்கிற நிலம் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் கிணற்றுப் பாசனம். எருதுகளைப் பூட்டிக் கவலை இறைப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் எருது இழுக்காது என்பதால் நடுச்சாமம் கழிந்ததுமே எழுந்தாக வேண்டும். கடிகாரம் இல்லாத சாளையில் எப்போது எழுவது? கட்டுத்தரைப் பக்கம் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்பவர் கண்ணைத் திறந்ததும் பார்ப்பது வானத்தை. கார்த்திகை மீன்கூட்டம் எங்கே நிற்கிறது, திருவாதிரை சாய்ந்துவிட்டதா, கிழக்கே வெள்ளி முளைத்துவிட்டதா? மாசத்துக்கு மாசம் மீன்கள் இடம் மாறும். அந்தக் கணக்கும் கைவசம் இருந்தது. எங்கள் அப்பாரு பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். வெள்ளி சில மாதம் விடியலில் இருக்கும், பிறகு காணாமல் போய் இன்னொரு காலத்தில் பொழுது சாய மேற்கே வரும், நடுராத்திரியில் உச்சிக்கு ஒருநாளும் வராது என்பது அவருக்கு அத்துப்படி. சூரியனைவிட்டு சுமார் 47 பாகைக்கு மேல் அந்தக் கிரகம் விலகாது என்று வானியல் புத்தகம் சொல்வதும் இதையேதான்.

இடிச் சத்தம் இல்லாமல் வெட்டுகிற வெளிச்சத்துக்கும் அவர்கள் பயந்ததில்லை. தென்மேற்குப் பருவக்காற்று பிடித்த மாதங்களில் ராத்திரி மேற்கே வெள்ளியங்கிரி, சிறுவாணிப் பக்கம் வானம் சத்தமே இல்லாமல் வெளுத்து வெளுத்து அடங்கும். இடிச் சத்தம் பதினைந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் காதுக்கு எட்டாது. மின்னல் வெளிச்சமோ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியும். ‘மேக்கால மின்னுதுங்க, ஆத்துல தண்ணி வரும்’ என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே நொய்யலின் நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். மலைமேல் நிற்கும் அந்த மேகங்களுக்குள் என்ன இருக்கிறது என்பது வெகு பிற்பாடு ஊட்டியில் அளக்கப்பட்டது. அங்குள்ள கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம், 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேலே கடந்த ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை மியூவான் துகள்களை வைத்துக் கணக்கிட்டது. முடிவு 2019ல் வெளியானது. நிஜமாகவே வாயைப் பிளக்க வேண்டிய விஷயம் அதுதான். அதை யாரும் ஃபார்வர்டு செய்யவில்லை.

வானத்தில் அன்று பயம் தந்த ஒரே விருந்தாளி வால்நட்சத்திரம். அது தோன்றினால் ராஜாவுக்கு ஆகாது என்பது நம்பிக்கை. 1910ல் ஹாலி வந்தபோது அந்த நம்பிக்கைக்குச் சாட்சியும் கிடைத்துவிட்டது: மே 6 அன்று ஏழாம் எட்வர்டு மன்னர் இறந்துபோனார். மே 19 வாக்கில் பூமி அதன் வாலுக்குள் புகுந்து வெளியே வந்தது. வாலில் சயனோஜன் வாயு இருப்பது தெரிந்து, படித்தவர்கள் நிறைந்த அமெரிக்க நகரங்களில் ‘வால்நட்சத்திர மாத்திரை’ விற்றுப் பணம் பார்த்தார்கள். கோயமுத்தூருக்கோ அது பிளேக் காலம். அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் திரும்பத் திரும்ப வந்த ஊர் இது. பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. வானத்து வாலைவிட வீட்டுக்குள் செத்து விழுகிற எலிதான் அன்றைக்குப் பெரிய சகுனமாக இருந்திருக்கும்.

தரையில் திரிந்த பேய்களுக்கு வருவோம். இவற்றில் கொள்ளிவாய்ப் பிசாசுக்குத்தான் உலகம் பூராவும் உறவினர்கள் உண்டு. சேற்றில் தாவரங்கள் அழுகும்போது மீத்தேன் குமிழி விடும். இத்தாலியில் அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா 1776ல் ஏரிச் சேற்றைக் குச்சியால் கிளறி அந்த வாயுவைப் பிடித்து எரித்துக் காட்டினார். பள்ளிப் புத்தகம் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் மீத்தேன் தானாகப் பற்றாது, பொறி வேண்டும். பாஸ்ஃபீன் வாயு பற்றவைக்கிறது என்றார்கள். அது எரிந்தால் புகையும் நாற்றமும் வர வேண்டும். பழைய வர்ணனைகள் பலவற்றில் அவை இல்லை. 2025ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஜாரே குழு வேறொரு வழி சொன்னது: தண்ணீரில் எழும் நுண்குமிழிகளுக்கு இடையே மின்னூட்டம் தாவி, கண்ணுக்குத் தெரியாத குட்டி மின்னல் வெட்டுகிறது, மீத்தேன் மெல்ல எரிய அதுவே போதும். 250 வருஷம் ஆராய்ந்த பிறகும் விஞ்ஞானிகள் இன்னும் பேசி முடிக்காத ஒன்றுக்கு நம் ஊரார் பிசாசு என்று பேர் வைத்ததில் பெரிய குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நொய்யலை ஒட்டிய கோவைக் குளங்கள், காலிங்கராயன் வாய்க்கால் ஓரத்து வயல்கள், அமராவதிப் பாசனக் காடுகள், இவையெல்லாம் அதற்கேற்ற இடங்கள்தான். இன்று உக்கடம் பெரியகுளத்தைப் போய்ப் பாருங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் கரை கட்டி, நடைபாதை போட்டு, கலர் கலராக எல்இடி மாட்டியிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அங்கே பிசாசே வந்து நின்று வாயைத் திறந்தாலும் எந்தக் கொள்ளி யாருடையது என்று கண்டுபிடிப்பது சிரமம்.

முனி விளக்குகளில் நிறைய மனுஷர்களே இருந்தார்கள். முயல் வேட்டைக்காரர் தலையில் கட்டிய லைட் காட்டுக்குள் நிற்கும், திரும்பும், அணையும். மலை விளிம்பில் தேன் எடுக்கும் பழங்குடியினர் சில இடங்களில் ராத்திரியில்தான் பந்தம் பிடித்து இறங்குவார்கள். கீழிருந்து பார்த்தால் பாறையில் நெருப்பு தொங்கும். கோடையில் காட்டுத்தீ சரிவில் கோடுபோல் ஊரும். பங்குனி, சித்திரையில் வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறுகிற கூட்டத்தின் கைவிளக்குகள் தூரத்தில் ஒரு வரிசையாக மேலே நகரும். ஒரு மரமே மின்னி மின்னி அணைந்தால்? அதற்கும் ஆள் உண்டு. ஆனைமலை புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் 2022 ஏப்ரலில் லட்சக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டு விட்டு ஒளிர்வதை வனத்துறையோடு சேர்ந்து ஸ்ரீராம் முரளி என்பவர் பதிவு செய்தார். ஆண் பூச்சி பெண்ணுக்கு விடும் சமிக்ஞை அது. பக்கத்து மரம் பார்த்து அடுத்த மரம், அதைப் பார்த்து அதற்கடுத்தது என்று ஒளி ஓர் அலையாகக் காட்டைக் கடந்து போகும். டார்ச் அடித்தால் தாளம் கெட்டுவிடும்.

பைகாரா நீர்மின் நிலையம் 1932ல் ஓடத் தொடங்கியதும் கொங்கு நாட்டு இருட்டுக்கு முதல் அடி விழுந்தது. முதலில் மில்கள், பிறகு டவுன், அப்புறம் மெல்ல மெல்லத் தோட்டத்துக் கிணறுகள். மோட்டார் வந்ததும் கவலை போயிற்று, எருது போயிற்று, வானத்தைப் பார்த்து எழுகிற வேலையும் போயிற்று. ஆனால் மூணு பேஸ் கரண்டு பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும் என்று ஆனபோது விவசாயி மறுபடியும் நடுச்சாமத்தில் எழுந்தார், இந்தமுறை கையில் பேட்டரி லைட்டோடு. மடை மாற்றுகிறவரின் வெளிச்சம் கரும்புக்காட்டுக்குள் போய்ப் போய் மறைவதைப் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்துவிட்டு முனி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முனிக்கு அது கடைசிக் காலம்.

மேலே வானத்தில் இன்னொரு கதை ஆரம்பித்துவிட்டிருந்தது. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவில் கென்னத் ஆர்னால்டு என்ற விமானி மலைகளுக்கு மேலே ஒன்பது பொருட்கள் அதிவேகமாகப் பறந்ததாகச் சொன்னார். பறக்கும் தட்டு உலகம் சுற்றக் கிளம்பியது. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக். 1960ல் அமெரிக்கா ஏவிய எக்கோ, 30 மீட்டர் விட்டமுள்ள பளபளப்பான பலூன். ஒரு நட்சத்திரமே எழுந்து நடந்து போவதுபோல் வெறுங்கண்ணுக்குத் தெரிந்தது. மனுஷன் செய்த வெளிச்சம் அதுவரை பெரும்பாலும் தரையில்தான் இருந்தது.

1979 ஜூலையில் ஸ்கைலேப் விழப்போகிறது என்று ரேடியோ சொன்னபோதுதான் கிராமத்துக்கும் அது உறைத்தது. 77 டன் எடையுள்ள விண்வெளி நிலையம் யார் தலையில் விழும் என்று யாருக்கும் தெரியவில்லை. எப்படியும் சாகப்போகிறோம் என்று கோழியையும் வெள்ளாட்டையும் அடித்துத் தின்று தீர்த்த கதைகளை அந்தத் தலைமுறை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும். கடைசியில் ஜூலை 11 அன்று அது இந்தியப் பெருங்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலுமாகச் சிதறி விழுந்தது. ஆட்டுக்கறிக்குக் கடன் சொன்னவர்கள் மறுநாள் பட்டபாடு தனி.

அந்த வருஷங்களில் வானத்தில் தெரிந்த இன்னொரு ‘மர்ம ஒளி’ சர்க்கஸ்காரருடையது. டவுனில் கூடாரம் அடித்துவிட்டால், ஆறேழு மைலுக்கு அப்பால் இருக்கிற ஊரிலும் வெள்ளை ஒளிக்கம்பம் ஒன்று வானத்தைத் தடவித் தடவிச் சுற்றுவது தெரியும். யாரும் பயப்படவில்லை, டிக்கெட்டுக்குக் காசு கேட்டு அழுதோம். இன்று அதே வேலையைக் கல்யாண மண்டபத்து ஸ்கை பீம் செய்கிறது. தாழ்ந்த மேகத்தில் வட்டம் வட்டமாக விழுந்து ஓடும் அந்த வெளிச்சத்தை ‘சுழலும் தட்டு’ என்று போட்டு அனுப்புகிறார்கள்.

இன்றைய கோவை வானத்தில் நெரிசல். பீளமேடு விமான நிலையத்தில் இறங்க வரும் விமானம் நேராக நம்மை நோக்கி வந்தால், அதன் முன்விளக்கு நிமிஷக்கணக்கில் அசையாமல் தொங்கும்; திரும்பிய கணத்தில் ‘மறைந்துவிடும்’. சூலூர் விமானப்படைத் தளத்தில் 2018 முதல் தேஜஸ் படைப்பிரிவு இருக்கிறது. சாரங் ஹெலிகாப்டர் குழுவுக்கும் அதுதான் வீடு. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் திடீரென்று ஜன்னல் அதிர ஒரு சத்தம் கேட்டால், ஒலியின் வேகத்தைத் தாண்டிய போர் விமானமா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். அதே காடுகளில் காற்றாலைகளின் உச்சியில் விமானங்களுக்காக வைத்த சிவப்பு விளக்குகள் ராவெல்லாம் சிமிட்டுகின்றன. போதாததற்குக் கல்யாணங்களில் டிரோன்.

இவை எல்லாவற்றையும்விட ஆளைக் குழப்புவது ஸ்டார்லிங்க். 2019 மே மாதம் முதல் தொகுதியாக 60 செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் விட்டார்கள்; இப்போது ஆயிரக்கணக்கில் சுற்றுகின்றன. ஏவிய முதல் சில நாட்கள் அவை தாழ்ந்த பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பிறகு இடைவெளி விட்டு 550 கிலோமீட்டர் உயரத்துக்கு ஏறிவிடும். அந்தச் சில நாட்களில் பார்த்தால் வானத்தில் சீரியல் லைட் மாட்டி இழுப்பது போலவே இருக்கும். 2021 டிசம்பரில் பஞ்சாபின் பதான்கோட்டிலும் 2022 செப்டம்பரில் லக்னோ பக்கமும் ஜனங்களைத் தெருவுக்கு வரவழைத்தது இந்த வரிசைதான். ஏன் பொழுது சாய்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ளும், விடிவதற்கு முன்னும் மட்டும் தெரிகிறது? நமக்குத்தான் இருட்டிவிட்டது, அந்த உயரத்தில் இன்னும் வெயில். செயற்கைக்கோளுக்குச் சொந்த விளக்கு கிடையாது, சூரிய ஒளியைத்தான் திருப்பி அடிக்கிறது. பாதி வானத்தில் வந்ததும் ஒவ்வொன்றாக ‘காணாமல் போவது’ பூமியின் நிழலுக்குள் புகுவதால். சர்வதேச விண்வெளி நிலையமும் இப்படித்தான்: சிமிட்டாமல், சத்தமில்லாமல், ஐந்தாறு நிமிஷத்தில் வானத்தைக் கடந்துவிடும்.

எரிந்துகொண்டே போகிறதா? அப்போது நேரத்தைப் பாருங்கள். எரிகல் என்றால் சில விநாடிகளில் கதை முடிந்துவிடும். நிதானமாக ஒரு நிமிஷம் எரிந்து, துண்டு துண்டாகப் பிரிந்து, வால் விட்டுப் போனால் அது பெரும்பாலும் திரும்பி விழும் ராக்கெட் பாகம். 2022 ஏப்ரல் 2 அன்று மகாராஷ்டிரத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் அப்படித்தான் பார்த்தார்கள். சந்திரபூர் மாவட்டத்துக் கிராமமொன்றில் பெரிய உலோக வளையமே வந்து விழுந்தது. சீன ராக்கெட்டின் மிச்சம் என்று கணித்தார்கள்.

மறுபடியும் வெள்ளி. படித்தவர், பயிற்சி பெற்றவர் ஏமாறமாட்டார் என்று நினைக்கிறவர்களுக்கு லடாக் கதையைச் சொல்ல வேண்டும். 2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை எல்லையில் இருந்த நம் ராணுவத்தினர், பாங்காங் ஏரிக்கு மேலே ஒளிரும் பொருட்கள் வருவதை 329 முறை பதிவு செய்தார்கள். சீன உளவு டிரோன் என்று சந்தேகம். கடைசியில் பெங்களூரு இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தை அழைத்தார்கள். நம் ஜவ்வாது மலைக் காவலூர் தொலைநோக்கியையும் கொடைக்கானல் ஆய்வகத்தையும் நடத்துகிற அதே நிறுவனம். அவர்கள் பார்த்துவிட்டுச் சொன்ன பதில்: ஒன்று வியாழன், இன்னொன்று வெள்ளி. ராணுவத்தினரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. உயர்ந்த மலை, தூசில்லாத காற்று. அங்கே கிரகங்கள் கண்ணைக் குத்தும். இருட்டில் ஒரே ஒரு புள்ளியை உற்றுப் பார்த்தால், அது நகராவிட்டாலும் கண் அதை நகர்த்தும். அடிவானத்தில் நிற்கும் வெள்ளி சிவப்பும் பச்சையுமாக மினுக்குவது இடையில் உள்ள காற்று அடுக்குகளின் வேலை. இத்தனையும் சேர்ந்தால் யாரும் ஏமாறலாம். கவலை பூட்டியவர் ஏமாறாததற்குக் காரணம், அதே வெள்ளியை முந்தின நாளும் அதற்கு முந்தின நாளும் அதே வேலைக்காகப் பார்த்தவர் அவர்.

எல்லாவற்றுக்கும் விடை உண்டா என்றால், இல்லை. அமெரிக்க விமானப்படை 1947 முதல் 1969 வரை ப்ளூ புக் முதலான திட்டங்களில் 12,618 புகார்களை ஆராய்ந்து, 701ஐ அடையாளம் தெரியாதவை என்று எழுதி மூடியது. அடையாளம் தெரியவில்லை என்றால் தகவல் போதவில்லை என்று எடுத்துக்கொள்பவன் நான். வேற்றுக்கிரகவாசி என்று எடுத்துக்கொள்கிறவர்களோடு சண்டையும் இல்லை. ஆனால் எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம் தெரிந்தது என்று மூன்று கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்கிறார்களே, அதுதான் புரியவில்லை. முனியைப் பார்த்தவர்கள்கூட இடத்தையும் சாமத்தையும் சரியாகச் சொன்னார்கள்.

கிணத்துக்கடவை அடுத்த கோதவாடியில் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்து 2008ல் சந்திரயான்-1ஐ நிலாவுக்கு அனுப்பினார். அதே வட்டாரத்தில் இன்று பால்வீதி தெரியவில்லை. கோவை, திருப்பூர், ஈரோட்டு விளக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வானத்தைச் சாம்பலாக்கிவிட்டன; மிஞ்சித் தெரிவது வெள்ளி, வியாழன், சில பிரகாசமான மீன்கள்தான். அக்கம்பக்கத்து மீன்கள் மறைந்துபோய் ஒற்றையாக நிற்கும் வெள்ளி சந்தேகத்துக்கு ஆளாவதில் ஆச்சரியமில்லை.

இருட்டைக் காப்பாற்ற இப்போது அரசாணை வேண்டியிருக்கிறது. நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையின் அரியூர் சோலைக் காப்புக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் இருள்வானப் பூங்காவை அமைக்க அரசு 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பகலிலேயே ஏறிவிடுங்கள். மாசி, பங்குனி அமாவாசையை ஒட்டிப் போனால், விடியற்காலை நாலு மணிக்குத் தென்கிழக்கே பால்வீதியின் தடித்த பகுதி எழுந்து நிற்கும். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒருமுறை போன் திரையைப் பார்த்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேராக நகர்ந்து போகிற புள்ளிகள் நிறையத் தெரியும். அவற்றை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், அவை ஊரிலும் தெரியும்.